மருந்தாளுநரும் பொதுக் கொள்கையும்

மருந்து ஒன்று நோயாளியின் கையை அடையுமுன் பல கைகளைக் கடந்து வருகின்றது. மூலப்பொருளை விற்பவர், மருந்தைத் தயாரிப்பவர், அதனைப் பகுத்தாய்பவர், மொத்தமாகக் கொள்முதல் செய்பவர், கிடங்கில் சேமிப்பவர், சீட்டு எழுதித்தரும் டாக்டர் ஆகிய அனைவருக்கும் பின்னர், இறுதியாக அதனை எடுத்துக் கொடுப்பவர் மருந்தாளுநர். திரவ மருந்தின் நிறம் மாறியிருப்பினும், உறையின் மீது காலாவதித் தேதி அழிந்திருப்பினும், ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் ஒரே சீட்டில் எழுதப்பட்டிருப்பினும், அக்குறையைக் கண்டுபிடிக்கும் கடைசி வாய்ப்பு அவருக்கே உரியது.

அவ்வாறு கண்ட குறையை அவர் யாரிடம் எடுத்துரைக்கிறார் என்பது சிந்திக்கத்தக்கது. பெரும்பாலும் அந்தப் புட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுப்பதோடு அவர் பணி முடிந்துவிடுகிறது. அதனால் ஒரு நோயாளி காப்பாற்றப்படுகிறார். ஆயின், அதே தொகுதி எண்ணைக் கொண்ட மற்றொரு புட்டி அடுத்த ஊரின் கடையில் இருக்கக்கூடும். அங்குள்ள நோயாளியைக் காப்பது புட்டியை ஒதுக்கும் கையன்று. விதியைத் திருத்தும் கையே. மருந்தாளுநர் தம் தொழிலின் தலைமைப் பொறுப்புகளிலும், பொதுக் கொள்கையை வகுக்கும் பணியிலும் பங்குகொள்ள வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

தொழில் உருவான வரலாறு

இந்தியாவில் மருந்தாளுநர் தொழில் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றது மிக அண்மைக் காலத்தில்தான். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மருந்து கலக்கும் பணியைக் கம்பவுண்டர்களே செய்து வந்தனர். கடைகளில் விற்பனையான மருந்துகளில் போலியும் கலப்படமும் மலிந்திருந்தன. அவற்றைத் தடுக்க நாடு முழுமைக்கும் உரிய சட்டம் ஏதும் இருக்கவில்லை. இந்நிலையை ஆராய 1930-ஆம் ஆண்டில் கர்னல் ராம்நாத் சோப்ரா அவர்களின் தலைமையில் மருந்து விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 1931-இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. மருந்துகளின் தரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. மருந்து வழங்குவோருக்கு முறையான கல்வியும், அத்தொழிலை நெறிப்படுத்தும் சட்டமும் வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

அறிக்கை வெளிவந்ததும் சட்டம் தானே பிறந்துவிடவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்வித் துறையைச் சார்ந்த சிலர் இடைவிடாது உழைத்தனர். அவர்களுள் முதன்மையானவர் மகாதேவ லால் ஷ்ராஃப். அமெரிக்காவில் கல்வி பயின்று திரும்பிய அவர், 1932-இல் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் மருந்தாக்க இயலுக்கான பாடத்திட்டம் தொடங்கப்படக் காரணமாயிருந்தார். வகுப்பறையோடு தம் கடமை முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை. 1935-இல் ஐக்கிய மாகாணத்தில் மருந்தாளுநர் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. 1939-இல் அது இந்திய மருந்தாளுநர் சங்கமாக வளர்ந்தது. அதே ஆண்டில் இத்தொழிலுக்கென ஒரு விஞ்ஞானப் பத்திரிகையும் தொடங்கப்பட்டது. பாடத்திட்டம், சங்கம், பத்திரிகை என்னும் மூன்றும் சேர்ந்தே சிதறிக் கிடந்த தொழிலாளரை ஒரு தொழிற்குலமாக ஆக்கின.

இதன் பயன் விரைவில் புலனாயிற்று. 1940-இல் மருந்துகள் சட்டமும், 1948-இல் மருந்தாளுநர் சட்டமும் இயற்றப்பட்டன. 1949-இல் இந்திய மருந்தாளுநர் கவுன்சில் அமைந்தது. 1953-இல் கல்வி விதிகள் வெளியாயின. 1955-இல் இந்திய மருந்துத் தர நூலின் முதற் பதிப்பு வெளிவந்தது. குழுவின் அறிக்கைக்கும் தொழிலை நெறிப்படுத்தும் சட்டத்துக்கும் இடையில் 17 ஆண்டுகள் கழிந்தன என்பதைக் கருதினால், கொள்கையை மாற்ற விரும்புவோருக்குப் பொறுமை எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

சட்டம் ஒதுக்கிய இருக்கைகள்

மருந்தாளுநர்களுள் பலர், “விதிகளை வகுப்பது மேலதிகாரிகளின் வேலை, அதில் நமக்கு இடமேது?” என்று எண்ணுகின்றனர். சட்டத்தின் வாசகம் இவ்வெண்ணத்துக்கு முற்றிலும் மாறானது.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபடி, ஒவ்வொரு மாநில மருந்தாளுநர் கவுன்சிலிலும் 6 உறுப்பினர்கள், அம்மாநிலத்தில் பதிவு பெற்ற மருந்தாளுநர்களால் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள். மாநிலக் கவுன்சிலின் உறுப்பினர்கள், பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரைத் தங்களுள்ளிருந்து தேர்ந்து மத்தியக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே, ஒரு சிற்றூர் மருந்தகத்தில் பணியாற்றுபவரின் வாக்குச் சீட்டு, இரண்டே படிகளில் தலைநகரை எட்டிவிடுகின்றது.

1940-ஆம் ஆண்டு மருந்துகள் சட்டமும் இவ்வாறே இடமளித்துள்ளது. அச்சட்டத்தின் கீழ் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூற அமைந்தது மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு. இந்திய மருந்தாளுநர் சங்கத்தின் ஆட்சிக் குழுவால் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவருக்கு அதில் இடமுண்டு. மருந்தாக்கக் கல்வி ஆசிரியர்களிலிருந்து மத்தியக் கவுன்சிலின் நிர்வாகக் குழுவால் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவருக்கும் இடமுண்டு.

மேலும், அச்சட்டத்தின் கீழ் விதி ஒன்றைச் செய்ய விரும்பும் அரசாங்கம், பொதுவாக அதன் நகலை முன்கூட்டியே அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கோருகின்றது. குறித்த நாட்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். தபால் மூலம் அனுப்பப்படும் ஒரு பக்கக் கடிதமும் பரிசீலனைக்கு உரியதே. இவ்வாய்ப்புகள் பயன்படுத்தப்படாமற் போனால் அக்குறை சட்டத்தினுடையதாகாது.

இரு மருந்தாளுநர்கள் இயற்றிய சட்டம்

மருந்தாளுநரின் அன்றாட அனுபவம் நாட்டின் சட்டமாக மாறியதற்கு அமெரிக்க நாட்டில் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. 1938-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட மருந்துச் சட்டம், எந்த மருந்தை டாக்டரின் சீட்டு இன்றி விற்கலாம், எதனை விற்கலாகாது என்பதைத் தெளிவாக வரையறுக்கவில்லை. ஒரே மருந்தை ஓர் உற்பத்தியாளர் சீட்டுக்கு உரியதாகவும், மற்றொருவர் சீட்டு வேண்டாததாகவும் குறித்து விற்பனைக்கு அனுப்பினர். பழைய சீட்டைக் கொண்டு மீண்டும் மருந்து வழங்கலாமா என்பதும் ஐயத்துக்கு இடமாகவே இருந்தது. இடர்ப்பாடு முழுவதும் மருந்துக் கடையின் மேசைக்குப் பின்னால் நின்றவரையே சாரந்தது.

இக்குறையை 1951-இல் நீக்கிய திருத்தச் சட்டம் டர்ஹம்–ஹம்ஃப்ரி திருத்தம் என்று வழங்கப்படுகின்றது. அதனைக் கொணர்ந்த கார்ல் டர்ஹம், ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஆகிய இருவருமே மருந்தாளுநர்களாகப் பயிற்சி பெற்றவர்கள். ஹம்ஃப்ரி தம் இளமையில் தந்தையாரின் மருந்துக் கடையில் பணியாற்றியவர். பின்னர் 1965 முதல் 1969 வரை அந்நாட்டின் உதவி ஜனாதிபதியாக விளங்கினார். டாக்டரின் மேற்பார்வை இன்றி உட்கொண்டால் தீங்கு விளைவிக்கும் மருந்துகளைச் சீட்டின் பேரில் மட்டுமே வழங்க வேண்டும் என்றும், டாக்டரின் அனுமதியின்றி அவற்றைத் திரும்ப வழங்கலாகாது என்றும் அச்சட்டம் வரையறுத்தது. மருந்து மேசையின் இடர்ப்பாட்டை நேரில் அறிந்தவர்கள் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தமையால், அந்த அறிவு சட்டத்தின் சொற்களில் இடம்பெற்றது.

இனிப்பு நஞ்சு கற்பித்த பாடம்

கொள்கையில் ஏற்படும் ஓட்டை எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்கு டைஎதிலீன் கிளைகால் என்னும் இரசாயனப் பொருளின் வரலாறு சான்றாகும். இது தொழிற்சாலைகளில் பயன்படும் திரவம். நிறமற்றது, இனிப்புச் சுவையுடையது, மருந்துப் பானகங்களில் சேர்க்கப்படும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் ஆகியவற்றைப் பெரிதும் ஒத்திருப்பது. பார்வையாலோ சுவையாலோ வேறுபாட்டை அறிதல் இயலாது. உடலினுள் சென்றால் சிறுநீரகங்களைப் பழுதாக்கி, சிறுநீர் கழிவதை நிறுத்தி, உயிரைப் போக்கிவிடும். இந்திய மருந்துத் தர நூல் இவ்வகைக் கரைப்பான்களில் இதற்கு விதித்துள்ள உச்ச வரம்பு நூற்றுக்கு 0.1 பங்கே ஆகும்.

1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் மருந்தை இத்திரவத்தில் கரைத்து விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்ற விதி அந்நாளில் இல்லை. சாராயம் கலந்த பானகத்துக்கு உரிய பெயரை, சாராயம் கலவாத பானகத்துக்குச் சூட்டியது தவறு என்ற ஒரே குற்றச்சாட்டின் மீதே அந்த மருந்தைக் கைப்பற்ற முடிந்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இத்துயரத்தின் விளைவாகவே பிறந்தது.

1986-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில், இந்நஞ்சு கலந்த கிளிசரினை உட்கொண்ட 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லெண்டின் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன், மருந்தின் தரத்தோடு, கொள்முதல் செய்த முறையையும் கண்காணிப்பில் இருந்த குறைகளையும் விரிவாக ஆராய்ந்து வெளிப்படுத்தியது. 2022-இல் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று இறந்தபோது, இந்தியாவில் தயாரான நான்கு திரவ மருந்துகளைக் குறித்து உலகச் சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கை விடுத்தது. ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை முன்னதாகவே ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது.

அவ்விதி ஏற்றுமதிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து உட்கொண்ட குழந்தைகளுள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அம்மருந்து தமிழ்நாட்டில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில், அதில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎதிலீன் கிளைகால் கலந்திருந்தது தெரியவந்தது.

இந்நிகழ்ச்சிகளுக்கு இடையில் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கடந்துள்ளன. நஞ்சின் தன்மை, அதனைக் கண்டறியும் முறை இரண்டும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. விஞ்ஞானத்தில் குறை இல்லை. மூலப்பொருளை வாங்கும்போதே ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்தல், குறைந்த விலையை மட்டும் நோக்கி ஒப்பந்தம் அளிக்காதிருத்தல், ஐயத்துக்கு உரிய தொகுதியைச் சில மணி நேரத்துக்குள் எல்லா ஊர்களிலிருந்தும் திரும்பப் பெறுதல் ஆகிய ஏற்பாடுகளிலேயே குறை உள்ளது. இவை யாவும் கொள்கையைச் சார்ந்தவை. ஆயினும் மருந்தாக்க அறிவின்றி இவற்றைச் செவ்வனே வகுத்தல் அரிது.

நல்ல கொள்கையின் பயன்

திட்டமிட்ட கொள்கை எத்தகைய நன்மையைத் தரும் என்பதற்கும் சான்று உண்டு. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. இன்றியமையாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை வகுத்தல், அவற்றை அவற்றின் அடிப்படைப் பெயரால் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கே வாங்குதல், மாவட்டக் கிடங்குகளில் சேமித்தல், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதித்த பின்னரே மருத்துவமனைகளுக்கு அனுப்புதல் என்பன அதன் முறைகள். பிற மாநிலங்கள் பலவும் பின்னர் இதனை முன்மாதிரியாகக் கொண்டன.

இம்முறையின் உறுப்புகளை ஆராய்ந்தால், அவை அனைத்தும் மருந்தாளுநர் நாள்தோறும் கையாளும் செய்திகளே என்பது புலனாகும். தொகுதி எண், காலாவதித் தேதி, சேமிப்பு வெப்பநிலை, இருப்புக் கணக்கு, மாதிரி எடுக்கும் முறை ஆகிய சிறு செய்திகளைக் கொண்டே பெருங்கொள்கை கட்டப்படுகின்றது. கிடங்கில் இவற்றை அறிந்தவர், திட்டம் வகுக்கும் கூட்டத்திலும் இருத்தல் முறையாகும்.

பதிவேடும் அறிக்கையும்

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் தம் ஆற்றலை இழந்து வருவது நாட்டின் பெருங்கவலைகளுள் ஒன்று. தேவையின்றியும், அரைகுறை அளவிலும் இவற்றை உட்கொள்வதால், எதிர்ப்பு ஆற்றல் பெற்ற கிருமிகள் பெருகுகின்றன. இதனைக் கட்டுப்படுத்த 2013-இல் ‘எச் 1’ என்ற புதிய அட்டவணை அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆற்றல் மிக்க சில ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள் முதலிய 46 மருந்துகள் தொடக்கத்தில் இதில் சேர்க்கப்பட்டன. இவற்றை வழங்கும்போது சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து, அதனை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

இப்பதிவேட்டை ஆய்வாளர் வரும் நாளுக்காக மட்டும் எழுதி வைப்பவர் விதியின் எழுத்தை நிறைவேற்றுகிறார். அதே பதிவேட்டிலிருந்து, எந்த மருந்து எந்தப் பருவத்தில் மிகுதியாக விற்பனையாகின்றது என்று மாதந்தோறும் கணக்கெடுத்து மாவட்ட அதிகாரிக்கு அளிப்பவரோ, அவ்விதியின் நோக்கத்தையே நிறைவேற்றுகிறார். இவ்வாறே, 2010-இல் தொடங்கிய இந்திய மருந்து விழிப்புத் திட்டம், மருந்துகளால் விளையும் எதிர்பாராத தீங்குகளைத் தொகுத்து வருகின்றது. காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தர நூல் ஆணையம் 2011 முதல் இதன் தேசிய மையமாகச் செயற்பட்டு வந்துள்ளது. மருந்தாளுநரும் இதற்கு அறிக்கை அனுப்பலாம். மருந்துண்ட பின் ஒருவருக்குத் தோலில் தடிப்பு எழுந்தது என்பது தனிச் செய்தி. அதுபோன்ற நூறு அறிக்கைகள் ஓரிடத்தில் சேரும்போது, உறையின் மீது புதிய எச்சரிக்கையை அச்சிட அதுவே ஆதாரமாகின்றது.

வணிகக் குரலும் தொழிற் குரலும்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மருந்துக் கடையின் உரிமையாளர் ஒருவராகவும், அங்குப் பணியாற்றும் பதிவு பெற்ற மருந்தாளுநர் மற்றொருவராகவும் இருப்பது இந்நாட்டில் வழக்கம். உரிமையாளர்களுக்கு வலிமை வாய்ந்த சங்கங்கள் உண்டு. இலாப விகிதம், விற்பனை உரிமம் ஆகியவை பற்றி அவர்கள் தம் கருத்தை உடனுக்குடன் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கின்றனர். அது அவர்களுடைய உரிமையே. ஆனால், மருந்தாளுநர் மௌனமாயிருப்பின், வணிகரின் கருத்தே மருந்தாளுநரின் கருத்தாகவும் கொள்ளப்பட்டுவிடும்.

மௌனத்தால் வேறொரு கேடும் விளைந்துள்ளது. சான்றிதழ் மட்டும் கடையின் சுவரில் தொங்க, அதற்கு உரியவர் வேறிடத்தில் இருக்கும் வழக்கம் பல ஊர்களில் காணப்படுகின்றது. சான்றிதழை வாடகைக்கு விடுபவர், தாம் இல்லாமலே மருந்துக் கடை நடைபெறும் என்பதைத் தாமே மெய்ப்பிக்கிறார். தம் பணி தேவையற்றது என்று காட்டிவிட்ட ஒருவரின் சொல்லுக்கு, கொள்கை வகுக்கும் அவையில் மதிப்பிராது. ஆகவே தொழிலின் தலைமை என்பது தேர்தல் மேடையில் தொடங்குவதன்று. மருந்து வழங்கும் மேசையின் முன் தவறாது நிற்பதில் தொடங்குகின்றது. 2015-ஆம் ஆண்டில் வெளியான மருந்தாளுநர் தொழில்நடைமுறை விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிக் கூறுவதையும் அவர் கடமையாகக் குறித்துள்ளன. அக்கடமையைச் செய்பவருக்கே மக்களின் துணை கிட்டும்.

தொழிற் குலம் எதுவாயினும், தன் நலத்தைப் பொது நலம் என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு. சங்கம் ஒன்று முன்வைக்கும் கோரிக்கையை எடைபோட எளிய அளவுகோல் ஒன்று போதும்: இக்கோரிக்கை நிறைவேறினால் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை யாது? இவ்வினாவுக்கு நேரான விடை இருக்குமாயின், கோரிக்கை வலிமை பெறும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

அரசாங்கப் பணியில் உள்ள மருந்தாளுநர், நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். கட்சி அரசியலில் ஈடுபடுதல் அவருக்குத் தகாது. எனினும், தம் அனுபவத்தை உரிய வழியாக மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்புவதற்கு அவ்விதிகள் தடையாவதில்லை. அவர் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. பதிவைக் காலந்தவறாது புதுப்பித்து, மாநிலக் கவுன்சில் தேர்தலில் தவறாமல் வாக்களித்தல்.

2. மருந்துப் பற்றாக்குறை, தரக் குறைவு, குழப்பம் தரும் உறைகள் ஆகியவற்றைத் தேதியும் தொகுதி எண்ணும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல். “அடிக்கடி மருந்து இல்லை” என்ற முறையீட்டைவிட, எந்த மருந்து எத்தனை நாட்கள் இல்லை என்ற கணக்கு பன்மடங்கு ஆற்றலுடையது.

3. நகல் விதிகள் வெளிவரும்போது, நான்கைந்து பேர் ஒருங்கே கூடிப் படித்து, நடைமுறையில் எழக்கூடிய இடர்ப்பாடுகளைச் சுருக்கமாக எழுதி அனுப்புதல்.

4. ஐயத்துக்கு இடமான மருந்தை ஒதுக்கி வைப்பதோடு நில்லாமல், அன்றே மருந்து ஆய்வாளருக்குத் தெரிவித்தல்.

ஆசிரியர்களின் பொறுப்பு இதனினும் பெரிது. சட்டப் பாடம் பெரும்பாலும் பிரிவு எண்களை மனப்பாடம் செய்யும் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பிரிவும் எந்தத் துயரத்தின் விளைவாகப் பிறந்தது, அதனை இயற்றத் தூண்டியவர் யார், அதில் இன்னும் எஞ்சியுள்ள குறை யாது என்று கற்பிப்பின், மாணவர் சட்டத்தை மாற்றத்தக்க ஒன்றாக உணர்வர். பள்ளி விஞ்ஞான ஆசிரியரும் உறையைப் படிக்கும் முறை, மருந்து வாங்கியதற்கு ரசீது கேட்கும் வழக்கம், ஆன்டிபயாட்டிக்கை முழு நாட்களும் உட்கொள்ள வேண்டியதன் காரணம் ஆகியவற்றை வகுப்பில் எளிதில் விளக்கலாம். நல்ல விதியைக் கேட்கும் மக்கள் இருந்தால்தான், நல்ல விதியை வகுக்கும் அரசாங்கமும் அமையும்.

வகுப்பில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. 1937-இல் நிகழ்ந்த துயரத்தின்போது அமெரிக்கச் சட்டத்தில் இருந்த குறை யாது? அது எவ்வாறு நீக்கப்பட்டது?

2. ஏற்றுமதி மருந்துக்கு ஒரு விதியும் உள்நாட்டு மருந்துக்கு வேறொரு விதியும் இருப்பதால் விளையக்கூடிய தீமைகள் யாவை?

3. மாநில மருந்தாளுநர் கவுன்சிலில் மருந்தாளுநர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் இடங்கள் எத்தனை? அத்தேர்தலில் வாக்களிக்காமையால் யாருக்கு இழப்பு?

4. உள்ளூர் மருந்தகம் ஒன்றில் காணப்படும் ஒரு குறையைத் தேர்ந்து, அதனை நீக்குவதற்கு யாருக்கு, எவ்வாறு எழுதுவது என்று ஒரு பக்க அளவில் வரைக.